வெள்ளத்துரையின் வலது கை

செத்தவரின் கையை விரிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நீர்மாலைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியாயிற்று, நெற்றி நிறையத் திருநீறு பூசியாயிற்று, புது வேட்டி கட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் வலது கை மூடியிருப்பதைக் காளிராஜ் கவனித்தான். மணிக்கட்டை அவன் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினான். உயிரோடு இருந்த நாளில் ஊரில் ஒருத்தருக்கும் வளைந்து கொடுக்காத மனுஷன், செத்த பிறகா கொடுத்துவிடுவார்? கட்டைவிரல் அசையவே இல்லை.

“காளியண்ணே, எங்கய்யா கைய ஒடிச்சிராதீங்க!” என்று தங்கத்தாய் வாசலிலிருந்து கத்தினாள்.

“நீ சும்மா இரிட்டி. உள்ள என்னத்தையோ வச்சிருக்காரு பெரியப்பா.”

என்னத்தையோவாம்! என்னவென்று அவனுக்கும் தெரியும், முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவழியாக விரல்கள் விரிந்தன. கடுக்காய் நிறத்தில் ஓர் எலும்புத் துண்டு, விரல் கணு அளவுதான் இருக்கும், ஈரக் கல்லில் விழுந்து உருண்டது. பெண்கள் சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

காளிராஜ் அதைக் கையால் தொடவில்லை. ஓலைக்கீற்றால் தள்ளி எடுத்துத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்த எருக்குழியில் வீசிவிட்டு வந்தான். தங்கத்தாய் யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்து போய், சாணியைக் கிளறி, அதைத் தேடி எடுத்து, தொட்டித் தண்ணீரில் கழுவி, முந்தியில் முடிந்துகொண்டாள். தகப்பனைப் பறிகொடுத்து நாலு நாழிகை ஆகவில்லை. அழுகைக்கு மேலே கோபம் நின்றது.

அவள் தகப்பன் வெள்ளத்துரைக்கு ஊரில் ‘எலும்பு வெள்ளத்துரை’ என்றுதான் பெயர். வாலிபத்தில் பிஜித் தீவுக்குக் கரும்புக் கூலியாகக் கப்பலேறியவர். ஒப்பந்தம் தீர்ந்து மற்றவர்கள் ஊர் திரும்பியபோது இவர் ஒரு சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனார். அந்தக் கப்பல் போய்வந்த இடம் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு துக்கடாத் தீவு. காலையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சோற்றுக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம் என்பார். அந்தத் தீவின் மண்தான் சரக்கு. வேறே ஒன்றும் இல்லை, வெறும் மண்.

கப்பல்காரர்கள் அவருக்குச் சொன்ன கதை இது. அந்தப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து வந்த கல் ஒன்று, வெள்ளைக்காரன் ஆபீசில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்ததாம். ஒருத்தன் சந்தேகப்பட்டு எடுத்துச் சோதித்துப் பார்த்தான். அத்தனையும் பாஸ்பேட்டு, பயிருக்குப் போட்டால் அள்ளிக் கொடுக்கும். முடிந்தது கதை. இந்தத் தீவிலும் அதே மண்தான் என்று வந்து, அங்கிருந்த பெரிய ஆள் என்று எவனையோ பிடித்து ஒரு கீறல் கீறச் சொல்லி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்குக் குத்தகை எழுதி வாங்கிவிட்டார்கள். வெள்ளத்துரை இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். “ஆயிரம்னு எழுதியிருந்தா அநியாயமாத் தெரியும்லா, அதான் ஒண்ணு கொறச்சுக்கிட்டான்.”

மண்ணை வெட்டி எடுத்த இடத்தில் பல்லுப் பல்லாகப் பாறைதான் மிச்சம். ஆடுகூட நிற்காது. தென்னை போயிற்று, வீடு போயிற்று, இடுகாடும் போயிற்று. ஒரு நாள் கப்பலின் அடித்தளத்தில் கொட்டிய வெள்ளை மண்ணை மட்டம் தட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளத்துரையின் மண்வெட்டியில் இந்த எலும்பு ஏறி வந்தது. வேறொருத்தனாக இருந்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். இவர் மடியில் கட்டிக்கொண்டு கரைக்குப் போனார், உரியவர்களிடம் கொடுத்துவிடலாமென்று.

“அன்னைக்குப் பாத்து அங்கன சண்ட,” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். “மிச்சமிருந்த காட்டையும் வெட்ட வந்துட்டான். நிலத்துக்காரன் எவனும் எழுதிக் கொடுக்க மாட்டேன்னுட்டான். ஆனாலும் வெட்ட வந்துட்டான். பொம்பளையள் என்ன செஞ்சாவ தெரியுமா மக்கா? ஆளுக்கொரு மரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டாவ. கல்லு எறியல, சத்தம் போடல. மரத்த விடல, அம்புட்டுதான்.”

“பெறகு என்னாச்சுய்யா?”

“என்னாவும்? போலீசு வந்து பிச்சு எடுத்துப் போட்டுட்டு மரத்த வெட்டுனான்.”

“அப்ப தோத்துட்டாவளா?”

வெள்ளத்துரைக்கு மூக்கு விடைத்துவிட்டது. “எவ சொன்னா தோத்தாவன்னு? வெட்டுனவன் மூஞ்சி ஒண்ணாவது எனக்கு நெனப்பிருக்கா? அந்தப் பொம்பளையள் ஒவ்வொருத்தி மூஞ்சியும் இந்தா, கண்ணுக்குள்ள நிக்கி.”

அப்படிப் பிய்த்துப் போடப்பட்ட ஒரு கிழவி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம்தான் எலும்பை நீட்டினார். அவள் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, மேலே தன் கையை வைத்து ஏதோ சொன்னாள். பாஷை இவருக்குத் தெரியாது. ஆனால், எங்கள் கிழவியை வைக்க எங்களுக்கு இடமில்லை, நீ வைத்துக்கொள் என்றுதான் சொன்னாள் என்று சாகிற வரைக்கும் சாதித்தார்.

ஊருக்கு வந்து கல்யாணம் முடித்து, தங்கத்தாய் பிறந்து, பெண்டாட்டியையும் பறிகொடுத்து, குருவிகுளம் பக்கம் தம்பி குடும்பத்தோடு கூட்டாக ஒரு கரிசல் காட்டை வைத்துக்கொண்டு இருந்த காலத்திலும் அந்த எலும்பு மடியை விட்டு இறங்கவில்லை. பிஜிக்குப் போகிறவன் எவனாவது அகப்பட்டால் கொடுத்தனுப்பலாம் என்று வெகுநாள் காத்திருந்தார். உலக யுத்தம் முடிந்து அங்கிருந்து திரும்பிய ஒருத்தன், அந்தத் தீவுச் சனங்களைக் கப்பலேற்றிப் பிஜிப் பக்கம் வேறொரு தீவில் கொண்டு இறக்கிவிட்டார்கள் என்று சொன்னான். வெள்ளத்துரை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தம்பி மகன் காளிராஜுக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது உரத்தில்தான். சர்க்கார் டிப்போவில் சூப்பர் பாஸ்பேட்டு கொடுக்கிறார்கள் என்று புரட்டாசி விதைப்புக்காக அவன் ஒரு மூட்டை வாங்கிவந்து தொழுவத்தில் சாத்தினான். காளிராஜ் கெட்டவன் அல்ல. தகப்பனில்லாத வீட்டைத் தூக்கி நிறுத்தியவன், வெள்ளாமையில் நாலு கோட்டை தானியம் கூட வந்தால் நல்லதுதானே என்று நினைத்தான். பெரியவர் மூட்டையைப் பார்த்தார். நேரே டிப்போவுக்கு நடந்தார். ஆபீசர் மேஜையில் எலும்பை எடுத்து வைத்தார்.

ஆபீசர் நல்ல மாதிரி. “பெரியவரே, இது நீங்க சொல்லுத தீவு மண்ணு இல்ல,” என்றார்.

“எந்தத் தீவு மண்ணுன்னு உமக்குத் தெரியுமா?”

“அது தெரியாது.”

“அப்ப இதுதான்னு வச்சுக்கிடும்.”

திரும்பி வந்து தெருவில் நின்று ஒரே சத்தம். “கோமதியம்மன் கோயில் புத்துமண்ண நெத்தியில பூசுதீங்க, வாயில போடுதீங்க. எவனோ ஒருத்தன் வந்து, நல்ல மண்ணா இருக்குன்னு புத்த வெட்டி லாரியில ஏத்துனா விட்டுருவீங்களாவே?” அதற்குப் பிறகு அந்த மூட்டை காட்டுக்குப் போகவே இல்லை. தொழுவத்துச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

இன்று விடியும் முன்னே மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் தங்கத்தாய் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டாள். அவர் அவள் கையைப் பிடித்தார். “நம்ம காட்டுல வச்சா நாளைக்கே ஏர் மேல போவும் மக்கா. எவனும் தோண்டாத எடம் ஒண்ணுதான் இருக்கு. நான் போற எடம். என்கூட வச்சு அனுப்பிரு.”

“சரிய்யா.”

“அவனுவ விட மாட்டானுவ.”

“விடாட்டிப் போறானுவ. நான் சரின்னுட்டேன்லா.”

இதுதான் அவள் தகப்பனிடம் கடைசியாகப் பேசிய பேச்சு.

இப்போது தெருவில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருப் பெரியவர் மூக்காண்டி வேப்பமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கத்தாய் போய் முன்னால் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகத் தலையை ஆட்டினார்.

“அது நம்ம வகையறா எடம் தாயி. வேத்தாளு ஒருத்தனுக்குக் குழி கொடுத்ததில்ல. இது எந்த தேசத்து எலும்போ, என்ன சாதியோ.”

“எலும்புல சாதி எழுதியிருக்கா மாமா?”

“வாயடிக்காத. உங்கப்பன் வாய் அப்படியே வந்திருக்கு.”

“பின்ன, வேற எவன் வாய் வரும்?”

மூக்காண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடென்று அடக்கிக்கொண்டார். காளிராஜ்தான் முன்னால் வந்தான். அவன் குடம் உடைக்க வேண்டியவன், இடுப்பில் ஈர வேட்டி, தலை மழித்திருந்தது.

“தங்கம், வெளையாடாத. ஒரு பாடையில ரெண்டு பொணம் போகக்கூடாதுட்டி. ஆரு, எவருன்னு தெரியாத பொணத்துக்கும் சேத்து நான் குடம் ஒடைச்சா, அது ஏங் குடும்பத்தத்தான் சுத்தும். மூத்த புள்ளைய நான் போன வருசந்தான் கொண்டுபோயி வச்சேன். கைப்புள்ள ஒண்ணுதான் இருக்கு. உனக்கு வேணும்னா ஆத்துல போடு, கொளத்துல போடு.”

தங்கத்தாய்க்கு அவன்மேல் இரக்கம் வந்தது. செத்துப்போன அந்தக் குழந்தையை அவளும் தூக்கி வளர்த்தவள்தான். ஆனாலும் முந்தி முடிச்சின்மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

“ஆத்துல போடச் சொல்லி எங்கய்யா கேக்கல. நான் சரின்னு சொன்னது வேற.”

“பொட்டச்சி நீ இடுகாட்டுக்கு வரப்போறியா? முச்சந்தியோட திரும்பப்போறவ. அங்கன குழிக்குள்ள நான்தான எறங்கணும்? நான் வைக்க மாட்டேன், பாத்துக்க.”

அவன் சொன்னது நியாயம்தான். பெண்ணுக்கு வழி முச்சந்தியோடு சரி. அதற்கு முன்னால் அவளுக்கென்று விட்டிருப்பது ஒரு பிடி அரிசி.

பாடையைத் தூக்கி முச்சந்தியில் இறக்கினார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. பெண்கள் வரிசையாக வந்து, சுற்றி வந்து, வாய்க்கரிசி போட்டுவிட்டுத் தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மகள்தான் கடைசி. தங்கத்தாய் பெட்டியிலிருந்து அரிசியை அள்ளினாள். தகப்பன் வாயில் போட்டாள். அவர் வாயைப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. எத்தனை சத்தம் போட்ட வாய்! விடியும் முன்னே புற்றுமண் கரைசல் வழிந்த செம்மண் கறை இன்னும் உதட்டோரத்தில் லேசாக இருந்தது. குளிப்பாட்டியவர்கள் சரியாகத் துடைக்கவில்லை.

பிறகு முந்தியை அவிழ்த்தாள். எல்லாரும் பார்க்கத்தான் அவிழ்த்தாள். எலும்பை எடுத்துத் தகப்பனின் வலது உள்ளங்கையில் வைத்தாள். காலையில் நெம்பித் தளர்ந்துபோன விரல்கள் இப்போது சொன்னபடி கேட்டன. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரலை மேலே அழுத்தி வைத்தாள். அந்த மூடிய கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பாடையின் மூங்கிலில் நெஞ்சைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டுக்காரர்கள் நிறுத்தினார்கள்.

“எடுட்டி அத!” என்றான் காளிராஜ்.

“மாட்டேன்.”

“ஏ, தூக்குங்கவே பாடைய!”

நாலு பேர் குனிந்தார்கள். மூங்கிலோடு அவளும் எழுந்து வருவாள் போலிருந்தது. வயசுப் பெண்ணை ஆண்பிள்ளை எவன் கைதொட்டு விலக்குவான்? குனிந்தவர்கள் நிமிர்ந்து, தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். காளிராஜ் அவள் புருஷன் காசிராஜனைப் பார்த்தான். காசிராஜன் மில்லில் தறி ஓட்டுகிற ஆள், வாயில் நாலு வார்த்தை சேர்ந்து வராது.

“மாப்ளே, ஒம்ம பொண்டாட்டிய எந்திரிக்கச் சொல்லும்.”

காசிராஜன் தலையைச் சொறிந்தான். “அவ அப்பன், அவ கை. நான் என்னத்தச் சொல்ல மச்சான்?” என்றான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சங்குக்காரன் ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். தங்கத்தாய் கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. மூக்காண்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். இது ஆண்கள் காரியம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“முருகம்மா, நீ போயி அவளப் புடிச்சு இழு. ஒனக்குத்தான் அடங்குவா.”

முருகம்மாள் காளிராஜின் தாய், தங்கத்தாய்க்குச் சித்தி. தாயில்லாப் பிள்ளைக்குத் தலை வாரி, சோறு போட்டு, அடித்தும் வளர்த்தவள். கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கத்தாயின் தோளில் கை வைத்தாள்.

“சித்தி, நீ இழுத்தாலும் விட மாட்டேன்,” என்றாள் தங்கத்தாய்.

“தெரியும்ட்டி.”

முருகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். இவள் கைக்குள் பெரியவர் கை, பெரியவர் கைக்குள் அது. பிறகு தோளை விட்டுவிட்டு அரிசிப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். அவள் ஏற்கெனவே வாய்க்கரிசி போட்டு முடித்தவள். இருந்தும் இன்னொரு பிடி அள்ளினாள். கொண்டுவந்து மூடிய கையின் மேலே போட்டாள். தங்கத்தாயின் விரல் இடுக்குகளில் அரிசி விழுந்து நின்றது.

“அம்மா!” என்று அலறினான் காளிராஜ். “என்னத்தச் செய்யுத?”

“இன்னொருத்திக்கும் போடுதேன்.” முருகம்மாள் மகன் பக்கம் திரும்பவே இல்லை. “ஒரு பாடையில ரெண்டு பொணம் போகக்கூடாதுன்ன. இப்ப ரெண்டுக்கும் வாய்க்கரிசி போட்டாச்சு. ஆரு, எவருன்னு தெரியாதுன்ன. ஒரு கெழவி. அதத்தான் உங்க பெரியப்பா இத்தன வருசமாச் சொன்னாரு, நம்ம காதுல விழல.”

“ஏம் புள்ளைக்கு...”

“புள்ளையத்தாம்ல சொல்லுதேன்.” அவள் குரல் அப்போதுதான் தழுதழுத்தது. “நம்ம மூத்தவன் அங்கன ஒத்தையில கெடக்கான். ராத்திரி ஒத்தையிலே படுத்ததில்ல அவன். பக்கத்துல ஒரு கெழவி இருந்தா இருந்துட்டுப் போறா. நாதியத்த கெழவின்னா இன்னும் நல்லதாப் போச்சு. அவளுக்கும் ஒரு புள்ள வேணும்லா.”

காளிராஜின் மழித்த தலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். மூக்காண்டி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண் வந்து ஒரு பிடி அரிசியை அந்தக் கையின் மேலே போட்டாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள். காலையில் சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியவர்கள்தான்.

வரிசை முடிந்ததும் தங்கத்தாய் தானாகவே கையை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை. பாடை கிளம்பியது, கொட்டு மறுபடி ஆரம்பித்தது. பெண்கள் திரும்பினார்கள். அவள் மட்டும் திருப்பத்தில் கூட்டம் மறைகிறவரை நின்றுவிட்டு வந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தங்கத்தாய் குடம் குடமாக இறைத்து ஊற்றினாள், முருகம்மாள் விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே போனாள். சாயங்காலம் ஆண்கள் குளித்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள், விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காசிராஜன் வந்தான், மனைவியை ஒரு தரம் பார்த்தான், கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

காளிராஜ் கடைசியில் வந்தான். குளித்திருந்தும் நகக்கண்ணில் மண் இருந்தது. கும்பிட்டான். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றான். தங்கத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்தான், மிச்சத்தைக் காலில் ஊற்றிக்கொண்டான்.

“குழிக்குள்ள எறக்கும்போது கை வேட்டியில மாட்டிக்கிட்டு,” என்றான் தரையைப் பார்த்தபடி. “எடுத்து நெஞ்சுமேல வச்சேன்.”

“மூடியிருந்துச்சா?”

“மூடித்தான் இருந்துச்சு.” நகக்கண் மண்ணைச் சுரண்டினான். “மூத்தவனுக்கு அடுத்தாப்புலதான் எடம் வந்தது.”

முருகம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். தங்கத்தாய் செம்பை வாங்கிக்கொண்டாள். காளிராஜ் போகத் திரும்பியவன் தொழுவத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவளும் பார்த்தாள்.

வீடு கழுவிய தண்ணீர் முற்றத்து வாட்டத்தில் ஓடித் தொழுவத்துக்குள் இறங்கி, சுவரில் சாய்ந்திருந்த உர மூட்டையின் அடியில் தேங்கிக்கொண்டிருந்தது. சாக்கு நனைந்து, உள்ளே இருந்த உரம் சாம்பல் நிறத்தில் கலங்கி, மெல்லக் கரைந்து எருக்குழிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் போய் அதை நகர்த்தி வைக்கவில்லை.